இறங்கிய உயரம் எங்கே போயிற்று?

ஒரு பையன் கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் சரிதான். பாடப்புத்தகம் அதைத்தான் சொல்கிறது, விடைக்குறிப்பிலும் அதுதான் இருக்கும். ஆனாலும் அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. மன்னார்குடியில் சாயங்கால வேளையில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். 2025 ஜனவரி 16 அன்று இஸ்ரோ, ஏறத்தாழ 475 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு சின்னத் துணைக்கோள்களை விண்வெளியிலேயே ஒன்றோடொன்று இணைத்துக் காட்டியது. ஸ்பேடெக்ஸ் என்று பெயர். பொங்கல் லீவு முடிந்து வந்த பிள்ளைகளுக்கு வாயெல்லாம் அதே பேச்சு. அந்தச் சூட்டோடு சூடாக ஈர்ப்பியல் பாடத்தை ஒருமுறை திருப்பிவிடலாம் என்று ஒரு சின்னத் தேர்வு வைத்தேன். அதில் ஒரு கேள்வி: தாழ்வான பாதையில் சுற்றும் துணைக்கோள் ஒன்று மெல்லிய காற்றில் உரசிக்கொண்டே போகிறது, நாளாக ஆக அதன் வேகம் கூடுமா, குறையுமா?

முக்கால்வாசிப் பேர் குறையும் என்றுதான் எழுதியிருந்தார்கள். நான் போர்டில் சூத்திரத்தை எழுதினேன். சுற்றியக்க வேகம் என்பது ஜிஎம் பை ஆர், அதற்கு வர்க்கமூலம். (ஜி ஈர்ப்பு மாறிலி, எம் பூமியின் நிறை, ஆர் பூமியின் மையத்திலிருந்து துணைக்கோள் இருக்கிற தூரம்.) உராய்வால் ஆற்றல் போகிறது, துணைக்கோள் கீழே இறங்குகிறது, ஆர் குறைகிறது, கீழே இருக்கிற எண் குறைந்தால் விடை கூடும். ஆகவே வேகம் கூடும். எல்லாரும் தலையாட்டிக்கொண்டு திருத்தி எழுதிக்கொண்டார்கள். நீடாமங்கலம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு பையன் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தான். "டீச்சர், ஃபார்முலாப்படி கூடும்னு எனக்கும் தெரியுது. ஆனா காத்து பின்னால பிடிச்சு இழுக்குதுல்ல? பிரேக் போட்டா வண்டி எப்படி டீச்சர் வேகமாப் போவும்?" நான் மறுபடியும் அதே சூத்திரத்தைச் சுட்டிக்காட்டினேன். ஆர் குறைகிறது பார், வி கூடுகிறது பார். அவன் ஒரு நிமிஷம் போர்டைப் பார்த்தான். "சரி டீச்சர்" என்று உட்கார்ந்துவிட்டான்.

அந்த "சரி டீச்சர்" இருக்கிறதே, பாடம் நடத்துகிற எல்லாருக்கும் அது என்னவென்று தெரியும். புரிந்ததற்குச் சொல்கிற சரி வேறு. இதற்கு மேல் கேட்டு என்ன ஆகப்போகிறது என்று சொல்கிற சரி வேறு. அவன் கேட்டது வேகம் எவ்வளவு என்று இல்லை. யார் தள்ளி அது வேகமாகப் போகிறது என்று கேட்டான். நான் அவனுக்கு எவ்வளவு என்பதை மட்டும் சொல்லி உட்காரவைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அப்போது யார் என்கிற கேள்விக்கு என்னிடமும் சட்டென்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. இத்தனை வருஷம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். ஒரு பிள்ளையும் இதைக் கேட்டதில்லை, நானும் எனக்குள் கேட்டுக்கொண்டதில்லை.

120 அடி எங்கேயிருந்து?

இந்தப் பாடத்தில் பிள்ளைகள் முதலில் தடுக்கி விழுகிற இடம் அதுகூட இல்லை. அதற்கு முன்னாலேயே ஒரு பள்ளம் இருக்கிறது. கீழ் வகுப்புகளில் நிலை ஆற்றல் என்றால் எம்.ஜி.எச்., அதாவது நிறை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றின் பெருக்கல். தரையில் சுழியம், மேலே போகப் போகக் கூடும். மனசுக்கு ஒத்துப்போகிற கணக்கு. பதினோராம் வகுப்பில் திடீரென்று அது மைனஸ் ஜிஎம்எம் பை ஆர் என்று மாறி நிற்கிறது. ஆற்றல் எப்படி டீச்சர் மைனஸில் இருக்கும் என்று ஒவ்வொரு வருஷமும் யாராவது கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் ஒரு நல்ல பதில் உண்டு. அதை எனக்குத் தந்தது என் அப்பா.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, அசல் கடைமடை. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் தலைமடைக்காரர்கள் வயலையெல்லாம் நனைத்துவிட்டு, முறை வைத்துப் பிரிந்து பிரிந்து, கடைசியில் எங்களுக்கு வந்து சேர வேண்டும். அப்பா காலையில் பேப்பரை விரித்தால் முதலில் பார்ப்பது மேட்டூர் நீர்மட்டம்தான். "இன்னைக்கு 97 அடி" என்பார். அதற்குள் குறுவை உண்டா இல்லையா, விதை நெல் வாங்கலாமா, யாரிடம் கடன் சொல்லிவைக்கலாம் என்கிற எல்லாக் கணக்கும் அடங்கிவிடும். அணை நிரம்பினால் 120 அடி. டெல்டாவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த எண் அது. ஆனால் அந்த 120 அடி எங்கேயிருந்து 120? கடல்மட்டத்திலிருந்து அளந்தால் நிரம்பிய மேட்டூரின் நீர்மட்டம் 790 அடி. அப்படியானால் பேப்பரில் போடுகிற கணக்கின் சுழியம் கடலுக்கு மேலே 670 அடியில் இருக்கிறது. யாரும் இதனால் குழம்பியதில்லை. நேற்று 97, இன்று 98 என்றால் ஒரு அடி ஏறியிருக்கிறது. அந்த ஒரு அடிதான் நமக்கு வேண்டியது. சுழியத்தை எங்கே வைத்தாலும் ஏறின அளவும் இறங்கின அளவும் மாறப்போவதில்லை.

அப்புறம் அப்பா இன்னொன்று சொல்வார். வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் மடையைத் திறந்தால் வயலுக்கு ஏறாது. வாய்க்கால் மட்டம் வயல் மட்டத்துக்கு ஒரு சாண் கீழே கிடக்கும். "ஒரு சாண் கீழ ஓடுற தண்ணி நம்ம தண்ணி இல்ல பாப்பா" என்பார். எஞ்சின் வைத்து டீசல் ஊற்றினால்தான் அது வயலுக்கு வரும். தாத்தா காலத்தில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று இறைகூடை போட்டு இறைப்பார்களாம். இப்போது நம் வயல் மட்டத்தைச் சுழியம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வாய்க்கால் தண்ணீரின் நிலை ஆற்றல் என்ன? மைனஸ். அதற்கு மாயமான அர்த்தம் ஒன்றும் கிடையாது. அது தானாக நம் மட்டத்துக்கு வராது, வர வேண்டுமானால் வெளியிலிருந்து அவ்வளவு ஆற்றல் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

பூமியைப் பொறுத்தவரை நாம் எல்லாரும் அந்த வாய்க்காலில்தான் கிடக்கிறோம். ஈர்ப்புப் புலம் மேலே போகப் போக மெலிகிறதே தவிர எந்த இடத்திலும் முடிந்துபோவதில்லை. தரையில் ஈர்ப்பு முடுக்கம் 9.8. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றுகிற 400 கி.மீ. உயரத்தில் அது 8.7, ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அங்கேயும் இருக்கிறது. (அங்கே ஈர்ப்பே கிடையாது, அதனால்தான் மிதக்கிறார்கள் என்று டிவியில் சொல்லும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆளும் கலமும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள், அதனால் மிதக்கிறார்கள்.) பூமியின் சுழற்சியோடு சேர்ந்தே சுற்றுவதால் ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரிகிற புவிநிலைத் துணைக்கோள்களின் 35,786 கி.மீ. உயரத்துக்குப் போனால் 0.22. இன்னும் போனால் இன்னும் குறையும், ஆனால் சுழியமாகாது. முடிவிலியில்தான் அது சுழியம். ஆகவே ஆற்றலின் சுழியத்தையும் அங்கேயே வைத்துவிட்டார்கள். நாம் அந்த மட்டத்துக்குக் கீழே கிடக்கிறோம், அதனால் மைனஸ். எவ்வளவு கீழே? தரையில் இருக்கிற ஒரு கிலோ கல்லுக்கு 6 கோடியே 26 லட்சம் ஜூல். அவ்வளவையும் ஒரே வீச்சில் கொடுத்தால் கல் பூமியை விட்டே போய்விடும்; அதற்கான வேகம்தான் விடுபடு வேகம், விநாடிக்கு 11.2 கி.மீ.

இதே கணக்கில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. ஒரு கிலோவை 400 கி.மீ. உயரத்துக்கு வெறுமனே தூக்கிக்கொண்டு போய் வைக்க 37 லட்சம் ஜூல் போதும். ஆனால் அங்கே விழாமல் சுற்றவைக்கத் தேவையான வேகத்துக்கு 2 கோடியே 94 லட்சம். உயரத்தைப் போல எட்டு மடங்கு வேகத்துக்குச் செலவாகிறது. ராக்கெட் நேராக மேலே கிளம்பிச் சீக்கிரமே பக்கவாட்டில் சாய்ந்து ஓட ஆரம்பிக்கிறதே, அது ஏன் என்று இந்த இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் விளங்கும்.

சட்ரஸில் நின்றபோது

இதெல்லாம் சொல்லிக்கொடுப்பேன். பையனின் கேள்வி மட்டும் அப்படியே நின்றது. பிப்ரவரி, மார்ச் என்று பரீட்சை வந்துவிட்டது. அவனும் அதைத் திருப்பிக் கேட்கவில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, சில நாளில் கல்லணையும் திறந்து, புதுத்தண்ணீர் வெண்ணாற்றில் இறங்கிவிட்டது என்று சேதி வந்தது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்று ஓர் இடம் இருக்கிறது. வெண்ணாறு அங்கேதான் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. எங்கள் ஊருக்கு வருகிற பாமணியாற்றுத் தண்ணீர் அங்கிருந்துதான் பிரிந்து வர வேண்டும். தண்ணீர் வந்த அன்று அங்கே போய் நிற்பது அப்பா இருந்தவரை அவர் வழக்கம்; இப்போது என் வழக்கம். ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சட்ரஸ் பாலத்தில் (தண்ணீரைத் தடுத்துத் திறந்துவிடும் மதகுப் பலகைகள் உள்ள பாலம்) ஏறினால், பெரியவர்கள், பிள்ளைகள் என்று ஒரு கூட்டமே கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு நிற்கிறது. ஒரு அம்மா முந்தானையில் கொண்டுவந்த நெல்லையும் பூவையும் தண்ணீரில் தூவினார். அந்தக் கூட்டத்தில் அந்தப் பையனும் நின்றான்.

பலகையை அடியில் கொஞ்சம்தான் தூக்கியிருந்தார்கள். அந்தச் சந்து வழியாகத் தண்ணீர் பீறிட்டு வந்து கீழே சிமெண்ட் தளத்தில் மோதி, வெள்ளை நுரையாகச் சுருண்டு எழும்பியது. பாலமே லேசாக அதிர்ந்தது. ஒரு தென்னம்பாளை மிதந்து வந்து பலகைக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டது. இரண்டு மூன்று விநாடி கண்ணில் படவில்லை. பிறகு அந்தப் பக்கம் நுரைக்குள்ளிருந்து எகிறி வெளியே வந்து, இரண்டு சுற்றுச் சுற்றி, பத்துப் பதினைந்து அடி அம்பு மாதிரி பாய்ந்தது. அதற்கப்புறம் அதன் அவசரமெல்லாம் அடங்கிவிட்டது. கரையில் கூட நடந்து வந்தால் பேசிக்கொண்டே போகலாம் என்கிற மாதிரி நிதானமாக, முனையை முன்னால் நீட்டிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. பையன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "டீச்சர், இங்க இவ்ளோ வேகமாப் பாயுது. அந்தா அந்தப் பூவரச மரத்துகிட்ட பாருங்க, நடந்துதான் போவுது. குதிச்ச வேகமெல்லாம் எங்க டீச்சர் போச்சு?"

உராய்வில் போச்சு, நுரையில் போச்சு, சூடாப் போச்சு என்று சொல்ல வாயெடுத்தேன். எடுத்த வாய் அப்படியே நின்றுவிட்டது. ஏனென்றால் நான் இத்தனை நாள் இந்தப் பாடத்தைத் தப்பான முனையிலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன் என்று அந்த நொடியில் பட்டது. நான் எப்போதும் வேகத்திலிருந்து ஆரம்பிப்பேன். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரு பொருள் இவ்வளவு உயரம் இறங்கியிருக்கிறது. அந்த உயரத்தை யார் வாங்கிக்கொண்டார்கள்? கல்லுக்கும் இதே கேள்விதான். வாய்க்காலுக்கும், துணைக்கோளுக்கும் இதேதான். மூன்றுக்கும் விடைதான் வேறு வேறு.

அந்தக் கைப்பிடிச் சுவரிலேயே அவன் நோட்டை வாங்கி வைத்துக் கணக்குப் போட்டோம். தஞ்சாவூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 60 மீட்டர் உயரம். அங்கிருந்து நாகப்பட்டினம் கடற்கரைக்கு ஏறத்தாழ 90 கி.மீ. ஒரு கி.மீ.க்கு ஒரு மீட்டர் சரிவுகூடக் கிடையாது. நம் டெல்டாவே அவ்வளவு தட்டையான தாம்பாளம். ஆனாலும் தண்ணீர் அந்த 60 மீட்டரை இறங்கித்தானே கடலுக்குப் போகிறது. ஒரு கல்லை 60 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால், காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், தரைக்கு வரும்போது விநாடிக்கு 34 மீட்டர் வேகம். அதாவது மணிக்கு 120 கி.மீ.க்கு மேல். இறங்கின உயரம் முழுவதும் வேகமாக மாறிவிட்டது. வாய்க்கால் தண்ணீரும் அதே 60 மீட்டர் இறங்குகிறது. அது மணிக்கு 120 கி.மீ. வேகத்திலா வேளாங்கண்ணிப் பக்கம் போய்ச் சேர்கிறது? மனுஷன் நடக்கிற வேகம், அதுவும் பல இடத்தில் வயசாளி நடை. உயரம் முழுவதையும் கரையும் தரையும் வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் பிடுங்கிக்கொண்டுவிட்டன. பிடுங்கினது சூடாகத்தான் போயிருக்கும். எவ்வளவு சூடு என்று பையன் கேட்டான். போட்டுப் பார்த்தோம். ஒரு கிலோ தண்ணீருக்கு 588 ஜூல்; 0.14 டிகிரி. தஞ்சாவூரிலிருந்து கடல்வரைக்கும் இறங்கினதற்கு ஆற்றுக்குக் கிடைத்தது ஒரு டிகிரியில் ஏழில் ஒரு பங்கு. அவன் அந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவைத்தான். இப்போதும் அந்தப் பக்கம் அவன் நோட்டில் இருக்கிறது.

சரிபாதி

சரி, இப்போது துணைக்கோள். 400 கி.மீ. உயரத்தில் அதன் வேகம் விநாடிக்கு 7.67 கி.மீ. காற்றில் உரசி உரசி 300 கி.மீ.க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கே வேகம் 7.73. விநாடிக்கு 57 மீட்டர் கூடியிருக்கிறது. இப்போது சட்ரஸ் கேள்வியைக் கேட்போம். 100 கி.மீ. இறங்கினதில் ஒவ்வொரு கிலோவும் இழந்த நிலை ஆற்றல் 8 லட்சத்து 80 ஆயிரம் ஜூல். யார் வாங்கிக்கொண்டார்கள்? கூடின வேகத்துக்குக் கணக்குப் போட்டால் 4 லட்சத்து 40 ஆயிரம். மீதி 4 லட்சத்து 40 ஆயிரம் காற்றைச் சூடாக்கினதில் போயிற்று. சரிபாதி. கல் முழுவதையும் வேகத்துக்குக் கொடுத்தது. வாய்க்கால் முழுவதையும் உராய்வுக்குக் கொடுத்தது. துணைக்கோள் பாதியைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டுப் பாதியைத் தனக்கு வைத்துக்கொண்டது. எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், எவ்வளவு இறங்கினாலும், வட்டப்பாதையில் மெதுவாக இறங்குகிறவரை இந்தப் பாதிக் கணக்கு மாறாது. புத்தகத்தில் இயக்க ஆற்றல் (வேகத்தால் வருவது) நிலை ஆற்றலின் அளவில் பாதி, மொத்த ஆற்றல் அந்த இயக்க ஆற்றலுக்கு மைனஸ் என்று மூன்று வரியாகப் போட்டிருப்பது இதைத்தான். அந்த மூன்று வரியையும் எத்தனை தடவை போர்டில் எழுதியிருப்பேன்! அதற்குள் ஒரு வாய்க்கால் ஓடுவது எனக்குத் தெரியவில்லை.

அவனுடைய பிரேக் கேள்விக்கும் அங்கேயே பதில் வந்துவிட்டது, அதுவும் பாதி அவன் வாயிலிருந்தே. ஆற்றுக் கரை மேலிருந்து படித்துறைப் பக்கம் சைக்கிளில் இறங்குகிறோம். பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டுதான் இறங்குகிறோம், ஆனாலும் வண்டி வேகமெடுக்கிறது. பிரேக் வேலை செய்யாமல் இல்லை. சரிவு இழுக்கிற இழுப்பு பிரேக்கை விட அதிகம். துணைக்கோள் சரியான வட்டத்தில் போகும்போது அதற்குச் சரிவே கிடையாது. ஈர்ப்பு விசை நேர் குறுக்கே இழுக்கிறது, வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. காற்று உரசியதும் பாதை துளி உள்பக்கம் சாய்கிறது. இனிமேல் அது போவது ஒரு இறக்கம். மிக மிக மெல்லிய இறக்கம், நம் டெல்டாவை விடவும் தட்டை. ஆனால் இறக்கம்தான். அந்த இறக்கத்தில் ஈர்ப்பு அதை முன்னால் இழுக்கிறது. எவ்வளவு இழுக்கிறது? காற்று பின்னால் இழுப்பதைப் போலச் சரியாக இரண்டு மடங்கு. பிரேக் பத்து ரூபாய் பிடுங்கினால் இறக்கம் இருபது ரூபாய் கொடுக்கிறது. கையில் நிற்பது பத்து. காற்றே பின்னாலிருந்து தள்ளின மாதிரி இருக்கும், ஆனால் தள்ளுவது பூமி. "அப்ப பிரேக்கு வேகத்தைக் கூட்டல டீச்சர். பிரேக்கு சரிவைப் போட்டுக் குடுக்குது" என்றான் பையன். ஐந்து மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த வாக்கியம் அது. கிராமத்தில் மடை வெட்டிப் பழகிய பிள்ளைக்குத்தான் அப்படி ஒரு வாக்கியம் வரும் என்று நான் முழுமனதோடு நம்புகிறேன்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 1957 அக்டோபர் 4-ல் ஏவப்பட்ட முதல் செயற்கைத் துணைக்கோளான ஸ்புட்னிக், ஆரம்பத்தில் 96 நிமிஷத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றியது. காற்று உரச உரச அந்த நேரம் நீளவில்லை, குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் 1958 ஜனவரி 4-ல் வளிமண்டலத்தில் விழுந்து எரிந்துபோயிற்று. விண்வெளி நிலையமும் மாதத்துக்குச் சுமார் 2 கி.மீ. இறங்குகிறது. அவ்வப்போது எஞ்சினை இயக்கி மேலே ஏற்றிவிடுகிறார்கள். அப்படி ஏற்றியபின் அதன் வேகம் முன்பை விடக் குறைவாக இருக்கும்! எஞ்சின் முன்னால்தான் தள்ளியது, ஆனால் அந்த ஆற்றலும் அதோடு சேர்த்து வேகத்தில் கொஞ்சமும் உயரத்துக்குப் போய்விடுகிறது. 2018 நவம்பரில் கஜா வந்தபோது ராத்திரி முழுக்க செல்போனில் ஒரு வெள்ளைச் சுழலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே, 16-ஆம் தேதி விடிவதற்குள் வேதாரண்யம் பக்கம் ஏறி எங்கள் தென்னைகளையெல்லாம் பிடுங்கிப் போட்டதே, அந்தப் படங்களை அனுப்பிய இன்சாட் துணைக்கோள்கள் அந்த 35,786 கி.மீ. மேட்டில் இருப்பவை. அங்கே வேகம் விநாடிக்கு வெறும் 3.07 கி.மீ. உயரத்தில் இருப்பவன் நிதானம், பள்ளத்தில் ஓடுகிறவன் வேகம்.

இது தெரியாமல், அல்லது தெரிந்தும் கை பழகாமல், விண்வெளி வீரர்களே திணறியிருக்கிறார்கள். 1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 கலத்தில் போன ஜேம்ஸ் மெக்டிவிட், தங்களை ஏற்றிவிட்ட ராக்கெட்டின் கழன்ற பகுதியை நெருங்கப் பார்த்தார். அதைக் குறிவைத்து முன்னால் உந்தினார். நம் ஊரில் முன்னால் போகிற சைக்கிளைப் பிடிக்க நாம் என்ன செய்வோமோ அதையேதான் செய்தார். நெருங்கவில்லை, விலகிவிட்டது. எரிபொருள் செலவானதுதான் மிச்சம், முயற்சியைக் கைவிட்டார்கள். முன்னால் உந்தினால் மேலே ஏறுவோம், மேலே ஏறினால் பின்தங்குவோம். முன்னால் இருப்பவனைப் பிடிக்க வேண்டுமென்றால் முதலில் வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்க வேண்டும். கீழ்ப்பாதையில் வேகமும் அதிகம், சுற்றும் சின்னது; அங்கே ஓடி எட்டிப் பிடித்து, பக்கத்தில் வந்தபின் மேலே ஏற வேண்டும். அதே வருஷம் டிசம்பர் 15-ல் ஜெமினி 6-உம் 7-உம் அப்படித்தான் முதன்முதலாகப் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. எங்கள் பிள்ளைகள் பொங்கல் லீவு முடிந்து வந்து வாய்பிளந்து பேசிய ஸ்பேடெக்ஸும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டுத்தான் இணைந்தது. ஜனவரியில் இதைச் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்த வருஷம் பாடத்தை நடத்துகிற வரிசையையே மாற்றிவிட்டேன். சூத்திரத்துக்கு முன்னால் மேட்டூர் 120 அடி, அப்புறம் ஒரு சாண் கீழே ஓடுகிற வாய்க்கால், அப்புறம் தென்னம்பாளை. மைனஸ் வரும்போது யாரும் முழிப்பதில்லை. பாடம் முடிய முன்பை விட இரண்டு வகுப்பு கூடுதலாகிறது, ஆகட்டும்.

பையன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. மின்னியலில் மூழ்கிக் கிடக்க வேண்டிய நேரத்தில் போன வாரம் பழைய நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். "டீச்சர், ஏன் சரிபாதி? முக்கால் கால்னு ஏன் பிரியல?" நான் இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஈர்ப்பு விசை தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்த்தகவில் குறைவதால்தான் பாதி வருகிறது. வர்க்கத்துக்குப் பதிலாகக் கனத்துக்கு எதிர்த்தகவு என்று வைத்துக்கொண்டு இதே கணக்கை வீட்டில் போட்டுப் பார், என்ன வருகிறதென்று வந்து சொல் என்று அனுப்பிவிட்டேன்.

மறுநாள் வகுப்பு ஆரம்பிக்க அரை மணி நேரம் முன்னாலேயே வந்து வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தான். ஸ்கூட்டியை நிறுத்தக்கூட விடவில்லை, நோட்டை நீட்டினான். மூன்று பக்கம் அடித்தல் திருத்தலோடு போட்டிருந்தான். இயக்க ஆற்றலும் நிலை ஆற்றலும் ஒரே அளவு, குறி மட்டும் எதிர். கடைசி வரியில் பேனாவை அழுத்தி அழுத்தி இரண்டு கோடு கிழித்திருந்தான்.

"மொத்தம் சைபர் வருது டீச்சர். அப்படின்னா காத்து லேசாத் தொட்டாலே போச்சு. அந்த ஊர்ல நிலாகூட நிக்காது."